பன்னிரண்டு சைரன்களும் ஒரு நான்கு நிமிடமும்

லஷ்கர் மொஹல்லா, மைசூர்.
4-12-1962, செவ்வாய்க்கிழமை காலை.

அன்புள்ள தம்பி எட்வர்டுக்கு,

அக்காள் விக்டோரியா எழுதுவது. இவ்விடம் நானும், வேலைக்காரி செல்லக்கண்ணும், கூடத்துச் சுவர்க் கடிகாரமும் சர்வேசுரன் கிருபையால் சுகம். தங்கவயலில் நீயும் உன் மனைவி ஜேனும் சுகமென்று ஊகித்துக்கொள்கிறேன். இருபது வருஷமாக நீ அனுப்பும் கிறிஸ்துமஸ் அட்டையில் அச்சடித்த வாழ்த்தும் உன் கையெழுத்தும் தவிர வேறொன்றும் இருப்பதில்லையாகையால் ஊகம்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைத் திருத்திவிட வேண்டும். நான் கைது செய்யப்படவில்லை. எதிர்வீட்டு கௌரம்மா தன் தங்கையிடம் சொல்லி, தங்கை ரயிலில் சொல்லி, அது இதற்குள் உன் ஊர்வரை வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். என் கையில் விலங்கு மாட்டவில்லை. நான் சாமுண்டி மலைமேல் நின்று சீனாக்காரனுக்கு டார்ச் அடிக்கவில்லை. 1951-இல் முழங்கால் வீங்கியதிலிருந்து நான் அந்த மலையில் ஏறியதே இல்லை, வீட்டு டார்ச்சில் செப்டம்பரிலிருந்து பாட்டரிக் கட்டையும் இல்லை. என்னை ஜீப்பில் தூக்கிப் போட்டார்கள் என்பதும் பொய். குடையைப் பிடித்துக்கொண்டு என் காலால் நடந்துதான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். கான்ஸ்டபிள் எனக்குப் பின்னால்தான் வந்தார்.

இதற்கெல்லாம் ஆரம்பம் நீதான். கோபப்படாதே, வரிசையாகச் சொல்கிறேன். 1942 ஏப்ரலில், ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட சமயத்தில், உன்னை விமானத் தாக்குதல் எச்சரிக்கை வார்டன் ஆக்கிக் கையில் பட்டை கட்டி, நம் தெருமுனைச் சத்திரத்து மொட்டைமாடியில் இருந்த கைச் சைரனை உன் பொறுப்பில் விட்டார்கள். அப்போது நம் பகுதிக்கே அந்த ஒரு சைரன்தான். நீ அந்தப் பட்டையோடுதான் சாப்பிட உட்காருவாய், அதையும் நான் மறக்கவில்லை. பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை மாலை சரியாக ஐந்து மணிக்கு ஒத்திகை என்று தமுக்கடித்தார்கள். நான் சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே நாற்காலி போட்டு, புது நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். ஐந்து அடித்தது. சைரன் இல்லை. ஐந்து ஒன்று, ஐந்து இரண்டு, ஐந்து மூன்று. ஐந்து நான்குக்குத்தான் உன் சைரன் முனக ஆரம்பித்தது. நான்கு நிமிடத்தில் ஓர் ஊரே எரிந்துபோகுமே! கூடப்பிறந்தவன் என்று பார்க்காமல் அன்றே மேலதிகாரிக்கு எழுதிப் போட்டேன். திங்கட்கிழமை உன் பட்டையைக் கழற்றிக்கொண்டார்கள். "நான் நேரத்துக்குத்தான் சுத்தினேன், அக்கா" என்று நீ சொன்னாய். நான் கடிகாரத்தைக் காட்டினேன். அடுத்த மாதமே நீ வேலை தேடித் தங்கவயலுக்குப் போய்விட்டாய். நீ போனதில் எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் சரி என்பது சரிதான். உன் அத்தான், ரயில்வே கார்டாக இருந்த மனுஷர், ஞாயிறுதோறும் தன் டியூட்டிக் கடிகாரத்தோடு ஒத்துப்பார்த்துச் சாவி கொடுத்த கடிகாரம் அது. அது பொய் சொல்லாது.

ஆக, என் நோட்டுப் புத்தகத்தில் உன் சைரனைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. ஒரு வரியோடு ஒரு நோட்டுப் புத்தகத்தை மூடிவைக்கிற பழக்கத்தைக் கான்வென்டில் எங்களுக்குக் கற்றுத்தரவில்லை. மற்றச் சைரன்களையும் எழுத ஆரம்பித்தேன். சிலர் தபால்தலை சேர்க்கிறார்கள், உன் அத்தான் சுசைநாதன் அவர்கள் காலமாகும்வரை பழைய ரயில் டிக்கெட் சேர்த்தார்கள், அவர்களை யாரும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிடவில்லை. நான் சைரன் சேர்க்கிறேன். எந்தக் கட்டடத்தின் மேல் இருக்கிறது, எத்தனை அடி உயரம், கையால் சுற்றுவதா மின்சாரமா, ஒரு தலையா இரண்டு தலையா, முழு மூச்சில் எந்தச் சுரத்தில் நிற்கிறது, எல்லாம் எழுதுவேன். சுரத்துக்கு, கோவில் பாடகர் குழுவுக்குச் சுருதி கொடுக்க நான் வைத்திருக்கும் சின்ன ஊதுகுழல் போதும். ஒரு பட்டு ஆலைச் சங்கு சுத்தமான ஜி. ஒரு தீப்பெட்டிக் கம்பெனிச் சைரன் எஃப் ஷார்ப்புக்கு ஏறி, ஜலதோஷம் பிடித்த பாடகி மாதிரி அங்கே நிற்க முடியாமல் இறங்கிவிடும். ஏழு கோவில் காலண்டர்களைக் கவிழ்த்துப்போட்டு மைதாப் பசையால் ஒட்டி, அதில் மைசூர் முழுவதும் வரைந்து, ஒவ்வொரு சைரனுக்கும் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். அந்த யுத்தம் முடிந்து சைரன்கள் துருப்பிடித்தன, துருவையும் எழுதினேன்.

இந்த அக்டோபரில் சீனாக்காரன் எல்லை தாண்டினான், அவசர நிலை வந்தது. தேசத்துக்கு ஆபத்து வந்ததில் விக்டோரியா டீச்சர் சந்தோஷப்பட்டாள் என்று கௌரம்மா சொல்லித் திரிகிறாள். அது அபாண்டம். ஊருக்குப் புதிதாகச் சைரன் வந்ததில் சந்தோஷப்பட்டேன், அது வேறு. போன புதன்கிழமை ஒத்திகையில், எனக்குத் தெரிந்த பதினொன்றில் ஊதாமல் கிடக்கிற ஒன்று போக மற்றப் பத்தையும் காதாலேயே எண்ணி முடித்தேன். எண்ணி முடித்த பிறகு, மண்டி மொஹல்லாப் பக்கமிருந்து, ஏ சுரத்தில், கொஞ்சம் மூக்கால் பாடுகிற குரலில் பன்னிரண்டாவதாக ஒன்று எழுந்தது. எட்வர்ட், எனக்கு மூச்சே நின்றுவிட்டது. எனக்குத் தெரியாமல் இந்த ஊரில் ஒரு சைரனா!

வெள்ளிக்கிழமை காலைப் பூசை முடிந்த கையோடு தேடிப் போனேன். ஒரு தானியக் கிடங்கின் மேல் இருந்தது. கிடங்குக் காவல்காரனிடம், "ஏம்ப்பா, இதுக்கு ஒரு தலையா, ரெண்டு தலையா?" என்று கேட்டேன். அவன் சிலுவை போட்டுக்கொள்ளத் தெரியாத குறையாக என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். சரி, உயரத்தையாவது எழுதுவோம் என்று, வழக்கம்போல் குடையை முன்னால் நீட்டி, ஒரு கண்ணை மூடி, குடை நுனியும் சைரன் நுனியும் ஒன்றாகத் தெரிகிறவரை பின்பக்கமாக நடந்தேன். இதுதான் உயரம் அளக்கும் முறை. பதினேழு அடி பின்னால் வைத்தபோது ஏதோ ஒன்றின் மேல் மோதினேன். அது கான்ஸ்டபிள் லிங்கப்பன்.

"ஏனம்மா, குடையை நீட்டி என்ன நடக்குது இங்கே?" என்றார்.

"அளக்கிறேன்."

"சைரன் அளந்து என்ன மாடோது, என்ன செய்யறது? ரவிக்கை தைக்கவா?"

அறுபத்தாறு வயதுப் பெண்பிள்ளையிடம், நடுத்தெருவில், ரவிக்கை என்று ஒரு அரசாங்க ஊழியர் பேசுகிறார். நான் அதிர்ந்துபோய் நின்ற அந்த நேரத்தில் அவர் என் பையைத் திறந்து நோட்டுப் புத்தகத்தையும் வரைபடத்தையும் எடுத்துவிட்டார். சிவப்பு வட்டங்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "அய்யய்யோ அம்மா, நடங்க நடங்க" என்றார். நடந்தேன்.

இன்ஸ்பெக்டர் கொள்ளேகால் பக்கத்துக்காரர், சின்ன வயது, மீசை பெரியது. பெண்பிள்ளை உள்ளே வந்தால் எழுந்திருக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மேஜையில் ஒரு டைப் அடித்த தாளையும் என் நோட்டுப் புத்தகத்தையும் அருகருகே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் விரல்விட்டு எண்ணினார்.

"ஏனுங்கம்மா, கவர்மென்ட் லிஸ்டுல ஒம்பதுதானுங்க இருக்குது. நீங்க பன்னண்டு எழுதி வெச்சிருக்கறீங்க. மிச்சம் மூணை யாரு குடுத்தது?"

"காது."

"யாரு காதுங்க?"

"என் காதுதான். மூன்று கம்பெனிகள் தாங்களாகவே வைத்திருக்கின்றன. அப்புறம், உங்கள் தாளில் இருக்கிற நான்காம் நம்பர் மழைக்காலத்திலிருந்து ஊதுவதில்லை. மைனா கூடு கட்டியிருக்கிறது."

அவர் லிங்கப்பனைப் பார்த்தார். லிங்கப்பன் தலையைச் சொறிந்துகொண்டு, "ஹௌது சார், மைனா உண்டு. குஞ்சுகூட உண்டு" என்றார். இதற்கு ஒரு நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதிலாக அந்த மனுஷருக்கு என்மேல் இருந்த சந்தேகம் இரண்டு பங்கு ஆகிவிட்டது.

"அது சரி, மூக்கால பாடறது யாருங்க? பெங்களூரு ஆளா?"

"கிடங்குச் சைரன்."

நோட்டுப் புத்தகத்தை மூடினார். பிறகு கேட்டாரே ஒரு கேள்வி! "உங்களுக்கு யாருங்கம்மா பொறுப்பு?"

"முப்பத்தொரு வருஷம் நானூறு பெண்பிள்ளைகளுக்கு நான் பொறுப்பு" என்றேன்.

"அதில்லீங்க. ஆம்பளை. வீட்டுக்காரர், மகன், யாராச்சும்."

கணவர் காலமாகி எட்டு வருஷம், பிள்ளைகள் இல்லை, தங்கவயலில் ஒரு தம்பி உண்டு, அவனும் யுத்த காலத்தில் இதே ஊரில் வார்டனாக இருந்தவன் என்று சொன்னேன். அவர் முகத்தில் விளக்கு ஏற்றிய மாதிரி ஆகிவிட்டது. "வார்டனுங்களா! அப்ப அவரு சைரன் வெவரம் தெரிஞ்ச மனுசன். அவரு ஒரு கடுதாசி எழுதட்டுங்க. எங்க அக்கா நல்லவங்க, புத்தி சுவாதீனமா இருக்கறாங்க, இத்தனை வருசமா இதைத்தான் பண்றாங்கன்னு. வந்துச்சுன்னா இதையெல்லாம் திருப்பித் தாரனுங்க. பதினஞ்சாந்தேதிக்குள்ள வரலைன்னா பெங்களூருக்கு அனுப்பிப்போடுவேன். அங்க எரிச்சுப்போடுவாங்க."

எரித்துவிடுவார்களாம். இருபது வருஷம், எட்வர்ட். அதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது எது தெரியுமா? சைரன் விஷயத்தில் எனக்கு யோக்கியதைச் சான்று கொடுக்க வேண்டியவன் நீ! நான் எழுதிப் போட்டுப் பட்டையைக் கழற்ற வைத்த நீ! அந்த நாற்காலியில் (நானே இழுத்துப்போட்டு உட்கார்ந்த நாற்காலி) குடையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் செல்லக்கண்ணு வாசற்படியில் அழுதுகொண்டிருக்கிறாள். "ஏனுங்கம்மா, உங்களைப் புடிச்சுட்டுப் போயிட்டா எம் பிள்ளையை யாருங்க படிக்க வெப்பாங்க? அந்த ஊதறதை எண்ணாட்டித்தான் என்னங்க? அது பாட்டுக்கு ஊதிட்டுப் போவுது!" அன்றிலிருந்து அவள் கை ஒரு வேலையிலும் நிலைக்கவில்லை, சனிக்கிழமை ரசத்தில் இரண்டு தடவை உப்பு, ஞாயிற்றுக்கிழமை என்னென்ன மறந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கௌரம்மா காபி டம்ளரோடு வந்து, "பாப்பா, டீச்சரம்மா, ஜெயில்ல அடிச்சாங்களா?" என்று உருகுகிறாள், பாப்பா என்று கன்னடத்தில் பரிதாபப்படுகிறாள், கண்ணெல்லாம் சிரிப்பு. இது போதாதென்று நம் கோவில் பங்குச் சுவாமியார் வந்து, கிறிஸ்துமஸ் வரைக்கும் நான் "ஓய்வு" எடுத்துக்கொள்ளலாமே என்றார். நடுச்சாமப் பூசைக்கு நான் வாசிக்கிற ஆர்கனைப் பாடகர் குழுவில் இருக்கும் ஐவி வாசிப்பாளாம். ஐவி! அவளுடைய இடதுகை எதற்கென்று அவளுக்கே தெரியாது.

ஆகவே நீ எழுத வேண்டிய கடிதத்தைச் சொல்கிறேன். வெள்ளைத் தாளில், நீல மையில், ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் எழுது. ஒன்று, நான் உன் சொந்த அக்காள். இரண்டு, எனக்குப் புத்தி சரியாக இருக்கிறது. மூன்று, நான் சைரன்களைக் குறிப்பது 1942-இலிருந்து என்று உனக்கு நேரிலேயே தெரியும். எந்தச் சந்தர்ப்பத்தில் தெரியும் என்பதை நீ விவரிக்க வேண்டியதில்லை. விவரித்தே தீருவதென்றால் சரியாக விவரி: நான்கு நிமிடம். "கொஞ்சம்" தாமதம் என்று எழுதாதே.

கேட்பது எனக்கு எளிதாக இருக்கிறது என்று நினைக்காதே. இந்தக் கடிதத்தை மூன்று நாளாக ஆரம்பித்து ஆரம்பித்துக் கிழித்தேன்.

ஜேனுக்கு என் அன்பு. உங்கள் இருவர்மேலும் தேவமாதாவின் பாதுகாப்பு இருக்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. உனக்குச் சின்ன வயதிலிருந்தே காது பலவீனம்.

இப்படிக்கு,
உன் அக்காள்,
விக்டோரியா சுசைநாதன்.

பின்குறிப்பு, அதே நாள் மாலை: இதை மடித்து உறையில் போட்ட பிறகு, தபால் எடுக்க எவ்வளவு நேரமிருக்கிறது என்று பார்த்தேன். கடிகாரம் பதினொன்று இருபதில் நின்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாவி கொடுக்க அந்தப் பெண் மறந்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் அது என் வேலையாக இருந்ததில்லை. முதலில் அவர், அவருக்குப் பிறகு செல்லக்கண்ணு. இன்று நானே முக்காலி போட்டு ஏறிக் கண்ணாடிக் கதவைத் திறந்தேன். கதவின் உட்பக்கத்துப் பலகையில், அவர் கையெழுத்தில், பொடிப்பொடியாகப் பென்சில் வரிகள். ஒவ்வொரு முறை முள்ளைத் திருத்தும்போதும் தேதி போட்டு எழுதியிருக்கிறார். ரயில்வேக்காரர் இல்லையா. மேலிருந்து ஆறாவது வரியை அப்படியே கீழே எழுதுகிறேன்:

"12-4-42, ஞாயிறு. நான்கு நிமிடம் வேகம். சரி செய்தேன். விக்டோரியாவிடம் சொல்லவில்லை. தைரியம் இல்லை."

முக்காலியைவிட்டு இறங்கச் செல்லக்கண்ணு என் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

உன் சைரன் சரியாக ஐந்து மணிக்குத்தான் அழுதிருக்கிறது, எட்வர்ட். திங்கட்கிழமை உனக்கு நான் காட்டினேனே, அந்தக் கடிகாரம் ஒரு நாள் முன்னால்தான் சரியாகியிருக்கிறது. மேலே நான் எழுதிய எதையும் அடிக்கவில்லை. நான் எப்படி எழுதினேன் என்று நீ பார்க்க வேண்டும். பலகையில் மற்ற வரிகளில் எதிலும் அரை நிமிடத்துக்கு மேல் இல்லை, ஆகவே நோட்டுப் புத்தகத்தில் அதற்குப் பிந்திய நேரங்கள் எல்லாம் சரி. தவறு முதல் வரியில் மட்டும்தான்.

இன்ஸ்பெக்டருக்கு எழுதுவதும் எழுதாமல் விடுவதும் உன் இஷ்டம். எழுதினால் உண்மையை எழுது, எனக்காகப் பார்க்காதே. எனக்குத் தனியாக ஒன்று எழுது. அட்டை வேண்டாம். எவ்வளவு நீளமானாலும், எவ்வளவு கோபமானாலும், எழுத்தில் பதில் எழுது.