கூட்டம் நாலு மணிக்கு

ஒரே ஒரு ஊரிலே, ஒரே ஒரு பெண்சாதியைக் கட்டிக்கொண்டதற்கே ஓய்ந்துபோன பஞ்சர் கடைக்காரர் ஒருவர் இருந்தார். கடை என்றால் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு காற்றுப் பம்பு, கவுன்சிலர் வீட்டு மதிலின் நிழல். அவ்வளவுதான்.

அந்த நிழலுக்குத்தான் ஆபத்து. அரசாங்கம் மாதாமாதம் உதவிப் பணத்தைப் பெண்சாதி கணக்கில் போட ஆரம்பித்ததிலிருந்து அவள் குரல் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது. தெருக்குழாய் ஏன் காய்ந்து கிடக்கிறதென்று உதவிப் பணம் வாங்குகிறவர்களுக்கான வார்டு கூட்டத்தில் கவுன்சிலரையே கேட்கப் போகிறாளாம்.

"காசு குடுக்கிறவங்களை யாராவது கேள்வி கேப்பாங்களா? வாங்கினோமா, வாயை மூடினோமான்னு இருக்கணும்."

"அவரு பாட்டன் சொத்தா அது? சோப்பு வாங்கும்போதெல்லாம் நானும்தானே வரி கட்டுறேன்?"

"மதிலை விட்டுக் கிளப்பிட்டா நான் எங்கடி போவேன்?"

"இத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டுத்தானே இருந்தோம்? தண்ணி வந்துச்சா?"

தந்திரம் செய்யத்தான் அவருக்குக் கொஞ்சம் தெம்பு மிச்சமிருந்தது. பத்து மணிக் கூட்டத்தை நாலு மணி என்று சொல்லிவைத்தார்.

"சரிங்க" என்றாள் அவள். கல்யாணமான நாளிலிருந்து கேட்டிராத வார்த்தை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். அலுப்பில் விட்டுவிட்டார்.

நிம்மதியாகப் பத்து மணிக்குப் போனால், முதல் வரிசையில் அவள்!

"நாலு மணின்னு சொன்னேனே?"

"பணம் வந்தா என் போனுக்குத் தகவல் வருது. கூட்டம்னா வராதா?"

அதற்குள் கூட்டம் நடத்தும் அதிகாரி வந்து அவரை மறித்தார். "பணம் உங்க பேர்லயா வருது?"

"இல்லைங்க. நான் இவ வீட்டுக்காரன்."

"அப்ப வெளிய நில்லுங்க."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அவள் ஒருத்தி ஆரம்பித்தாள். வரிசை வரிசையாக மற்றப் பெண்களும் எழுந்தார்கள். முடிவில் குழாய்க்குத் தண்ணீர் கிடைத்தது. தெருவுக்குக் குறை கேட்கும் குழு கிடைத்தது. குழுவுக்குத் தலைவியாக அவள் கிடைத்தாள்.

வெளியே வந்த கவுன்சிலர் வேர்வையைத் துடைத்தபடி, "நாளைக்கே மதிலைக் காலி பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"பாத்தியா! என் பொழப்புல மண்ணு விழுந்துச்சு. ஏதாவது பண்ணும்மா."

"மதிலுதானே அவருது? ரோடு யாருதுன்னு கேட்டுடலாம். ஆனா இன்னிக்கு நேரம் முடிஞ்சுபோச்சு. செவ்வாய்க்கிழமைதான் குறை கேப்போம்."

"நான் உன் புருஷன்டி!"

"புருஷனுக்குன்னு தனி வரிசை கிடையாதுங்க" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.