மில்லிமீட்டர் அண்ணாச்சி வாங்கிய ஸ்கோப்

மில்லிமீட்டர் அண்ணாச்சியைப் போல எதையும் அளந்தே வாழ்ந்த மனிதர் தாமிரபரணியின் இரு கரையிலும் பிறந்ததில்லை. தச்சநல்லூரில் கண்ணாடி வெட்டிக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். ஹோட்டலில் தோசை வந்தால் சட்டைப்பையிலிருந்து டேப் வெளியே வரும். "நேத்து இதவிட ஒம்பது மில்லிமீட்டர் கூட இருந்துச்சே வே?" என்பார். சர்வர் சட்னி வாளியோடு ஓடிவிடுவான்.

தொண்ணூறுகளின் நடுவில் நானும் அவரும் ஒரே ரைபிள் கிளப்பில் ஞாயிறுதோறும் படுத்துச் சுடுவோம். ஐம்பது மீட்டருக்கு அப்பால் காகிதக் குறி. அதில் விழுந்த சிறு துளையைப் பார்க்க ஆளுக்கொரு ஸ்கோப்பை, அதாவது ஒற்றைக்கண் தொலைநோக்கியை, பக்கத்தில் நிறுத்தி வைத்திருப்போம். அண்ணாச்சியிடம் மட்டும் கிடையாது. எங்களுடையதை எட்டிப் பார்த்து, "எல்லாம் பூஞ்சை பிடிச்ச கண்ணாடி" என்று தள்ளிவிடுவார். ஒவ்வொரு குண்டுக்கும் எழுந்து, குறிவரை நடந்து, டேப் வைத்து அளந்து திரும்புவார். அதுவரை அத்தனை பேரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அறுபது குண்டென்றால் அறுபது நடை!

கிளப் செயலாளர் கும்பிட்டே விட்டார். "அண்ணாச்சி, ஒரு ஸ்கோப் வாங்கிரும். இல்லைன்னா நாங்க ஊரக் காலி பண்ணிட்டுப் போயிருதோம்."

தூத்துக்குடியில் கப்பல் வேலை பார்த்த ஒருவர் மூன்று ஸ்கோப்புகள் கொண்டுவந்தார். தேர்ந்தெடுக்க என்னையும் கூப்பிட்டார் அண்ணாச்சி. முதலாவது அறுபது மடங்கு பெரிதாக்கியது. வெயிலில் குறி தண்ணீருக்குள் கிடப்பது போல நெளிந்தது. இரண்டாவது நேர்க்குழல், படுத்தபடி பார்க்க ஓணான் மாதிரி கழுத்தைத் தூக்க வேண்டியிருந்தது. மூன்றாவது இருபத்தைந்து மடங்குதான். ஆனால் கண் வைக்கும் முனை சாய்வாக இருந்ததால் தலையை லேசாகத் திருப்பினாலே போதும். துளை மட்டுமல்ல, அதன் விளிம்பில் ஊர்ந்த எறும்பும் எனக்குத் தெரிந்தது.

அண்ணாச்சி வலது கண்ணை வைத்தார். "இதுவும் பூஞ்சைதான்." வேட்டி நுனியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "பூஞ்சைதான் வே."

"இடது கண்ண வச்சுப் பாருங்க அண்ணாச்சி."

வைத்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு மெல்ல, "எறும்பு போகுது" என்றார்.

கண்ணுக்குள் அழுத்தம் என்றார் டாக்டர். வலது கண்ணில் போனது திரும்பாது. இடது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது. சொட்டு மருந்து விட்டால் கொஞ்ச காலம் இழுத்துப் பிடிக்கலாம்.

அண்ணாச்சி அந்த மூன்றாவது ஸ்கோப்பையே வாங்கினார். அதை என் பக்கம் நகர்த்தி, "நீரு பாத்துச் சொல்லும், நான் சுடுதேன்" என்றார். ஐம்பத்தாறு வயதில், துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றி முதலிலிருந்து பழகினார். இரண்டு வருடம் ஓடியது. குண்டு நடு வட்டத்தில் விழுந்தால் நான் "பத்து" என்பேன், "பத்துல எங்கன?" என்பார்.

ஒரு ஞாயிறு அவர் சுட்ட குண்டு காகிதத்திலேயே படவில்லை.

"எட்டு அண்ணாச்சி, வலது பக்கம்."

"எத்தனை மில்லிமீட்டர்?"

நான் ஸ்கோப்பின் திருகைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"வே, உம்ம கண்ண நம்பித்தான் சுடுதேன். நீரும் பொய் சொன்னா எனக்கு என்ன இருக்கு?"

"படல அண்ணாச்சி."

"சரி." மிச்சத் தோட்டாக்களை டப்பாவில் போட்டு மூடினார். அதன்பிறகு அவர் சுடவேயில்லை.

அன்று வெளியே பஸ் நிறுத்தத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பஸ் காலியாகவே வந்தது.

"கூட்டமா வே?"

"ஆமா அண்ணாச்சி, நிக்கக்கூட இடமில்ல."

காலியாக வந்த அடுத்ததையும் அப்படியே அனுப்பிவைத்தேன். இனி ஞாயிறுதோறும் இப்படி நிற்கப் போவதில்லையே. தோளிலிருந்து கையை எடுக்காமலே அண்ணாச்சி சொன்னார்: "பைய போவோம் வே."