ஐந்து வேன் சர்க்கரைப் பொங்கல்

தானாகக் கற்றுக்கொண்டவனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பாதியைப் படித்துவிட்டு மீதியை ஊரார் தலையில் சோதித்துப் பார்ப்பான். 2013 வாக்கில், ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் டிரெய்னியாக இருந்த நான் அந்த ரகம்.

எங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் கேட்டரிங்காரர் அப்போதுதான் இணையம் வழியாக ஆர்டர் எடுக்க ஆரம்பித்திருந்தார். கம்பெனி பெயர், ஷிப்ட், எத்தனை பேர், என்ன அயிட்டம் என்று தலைப்புப் போட்டு அடுக்கி அனுப்பினால், அவர்கள் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டு பதில் சொல்லும். (இந்த அடுக்குக்கு ஜேசான் என்று பெயர். நானே கண்டுபிடித்த மாதிரி ரூமில் எல்லோருக்கும் விளக்கினேன்.) அதைத் தானாக அனுப்ப, கம்ப்யூட்டருக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். பத்து நொடியில் பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பு என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

எச்.ஆர். மேனேஜருக்கு ஒரே பூரிப்பு. "இனிமே போனே கிடையாதுப்பா. ஆயுத பூஜை சாப்பாடும் இதுலயே போகட்டும். ஒழுங்கா வந்துச்சுன்னா அன்னிக்கே உன் பர்மனென்ட் ஆர்டர்ல கையெழுத்து!"

ஊரில் என் அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

பூஜைக்கு முந்தின நாள் காலை, நானூறு பேருக்குச் சர்க்கரைப் பொங்கலோடு ஆர்டர் அனுப்பினேன். வட்டாரத்துக் கம்பெனிகள் எல்லாம் அதே நேரத்தில் அனுப்ப, அவர்கள் கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டியது. பதில் இல்லை. ஸ்கிரிப்ட் மறுபடி அனுப்பியது. மறுபடியும். ஐந்தாவது முறை 'ஆர்டர் ஏற்கப்பட்டது' என்று வந்ததும், என் விடாமுயற்சியைப் பாராட்டி எனக்கே ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். முதல் நான்கையும் அது வாங்கி வைத்துக்கொண்டது, பதில் சொல்லத்தான் அதற்கு நேரமில்லை என்பது என் மண்டைக்கு எட்டவேயில்லை.

மறுநாள் மெஷின்களுக்குப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து முடிக்கும்போது முதல் வேன் வந்தது. கைதட்டினோம். பின்னாலேயே இரண்டாவது. மூன்றாவதில் மேனேஜரின் சிரிப்பு நின்றது. ஐந்தாவதிலிருந்து டிரைவர் ஏழுமலை இறங்கினார்.

"இன்னா சார், ஊரையே கூப்டுகினு பூஜையா?"

மேனேஜர் பாய்ந்தார். "யோவ், ஒரே ஆர்டர்தான்யா! ரெண்டாயிரம் பேருக்குச் சாப்பாடுன்னா ஒரு போன் போட்டுக் கேக்க மாட்டீங்களா?"

"நீங்கதான சார் எங்க மொதலாளிகிட்ட இனிமே போனே வேணாம்னு சொன்னீங்க?"

"சரி, நாலு வேனைத் திருப்பு."

"பூஜை சோத்தத் திருப்பி எடுத்துனு போவ மாட்டேன் சார். வூட்ல புள்ளகுட்டி கீது."

மேனேஜர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "போன் வேணாம்னு யாரு ஐடியா இது?"

(அவருடையதுதான். நானூறு பேருக்கும் தெரியும். நானூறு பேரும் பொங்கலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.)

சாயங்காலம் வரை பக்கத்து வல்லம் வடகாலில் கம்பெனி கேட் கேட்டாக அண்டாவோடு அலைந்து, "தப்பா நெனைக்காதீங்க, பொங்கல்தான்" என்று கெஞ்சிக் கொடுத்தேன். பர்மனென்ட் ஆர்டருக்குப் பதில் இன்னும் ஆறு மாத டிரெய்னிங் வந்தது.

இரண்டு வருடம் கழித்துப் பெண் பார்க்கப் போனேன். பெண்ணுக்கு வல்லம் வடகாலில்தான் வேலை. என் கம்பெனி பெயரைச் சொன்னதும் தலையை நிமிர்த்தினாள். "எங்க கேட்டுக்கு அண்டா தூக்கினு வந்தது நீங்கதான?"

அவள்தான் இன்று என் மனைவி. காபி கேட்டுப் பதில் வராமல் இரண்டாம் தடவை குரல் கொடுத்தால் போதும். "அப்பாவுக்கு அஞ்சு டம்ளர் கொண்டு போயி குடுடீ" என்பாள் மகளிடம். அந்தக் குட்டியும் சிரிக்காமல் ஐந்தையும் கொண்டுவந்து வரிசையாக வைக்கிறது. நான் முதல் டம்ளரை எடுக்கிறேன்.