புதன்கிழமைப் படகு

ஓர் உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் வாழ்நாளில் எனக்குச் சொந்தமாகப் படகு இருந்ததே இல்லை. ஏழில் ஒரு பங்குதான் இருந்தது. அதுவும் புதன்கிழமைகளில் மட்டும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பினாங்கில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். நாள் முழுக்கக் கப்பல் பெயர்களையே அடிப்பவனுக்குத் தானும் கப்பித்தான் ஆகவேண்டும் என்று ஆசை வருவது இயற்கை. (வேறு யாருக்கும் வரவில்லை. எனக்குத்தான் வந்தது.) அப்போதுதான் படகுக் கிளப்பில் சேர்ந்தேன். ஏழு பேருக்கு ஒரே ஒரு ஃபைபர் படகு, பின்னால் ஒரு மோட்டார், ஆறு பேர் உட்காரலாம். ஆளுக்கு ஒரு கிழமை. கடைசியாகச் சேர்ந்ததால் எனக்கு மிஞ்சியது புதன். புதன்கிழமை ஆபீஸ் உண்டு. ஐந்து மணிக்கு மேல் படகுத்துறை ஜெட்டிக்கு ஓடினால், மழை பெய்யாமல் இருந்தால், ஒரு மணி நேரம் கப்பித்தானாக இருக்கலாம்.

கிளப்பின் செயலாளர் ஆ செங். சீனன், சைக்கிள் கடைக்காரன். மார்க்கெட் ஸ்திரீட்டில் நம் துணிக்கடைகளுக்கு நடுவில் வளர்ந்தவன், நம்மைவிட நன்றாகத் தமிழில் திட்டுவான். அவன் உயிர் ஒரு ரிஜிஸ்டரில் இருந்தது. படகை எடுப்பவர் பெயர், கிழமை, கூட வரும் விருந்தாளி, அவர் உறுப்பினருக்கு என்ன உறவு, திரும்பி வந்தபோது என்ன கோளாறு, கோளாறுக்குக் காரணம் என்று பத்தி பத்தியாகக் கோடு போட்டு வைத்திருந்தான். அதில் எழுதாமல் யாரும் கயிற்றை அவிழ்க்கக் கூடாது.

இந்த நிலையில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமில் வீடு, பெண் பெயர் கமலா. அப்பா நடராஜன், முப்பது வருடம் அரசாங்கக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்ணை எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. காப்பி கொடுக்கும்போது என் டையைப் பார்த்து உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். (டையின் பின்வால் முன்வாலைவிட நீளமாக இருந்ததை வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன்.) ஆனால் அவளுக்கு ஒரு டாக்டர் வரனும் வந்திருந்தது. டாக்டருக்கு எதிரே டைப் அடிப்பவனை எப்படி நிறுத்துவது? என் அக்கா யோசிக்கவே இல்லை.

"எங்க தம்பிக்குச் சொந்தமா போட்டு இருக்குங்க!"

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டேன். அந்தப் பாவத்துக்கு உரிய தண்டனை உடனே வந்தது.

"அப்படியா மாப்ள! வர்ற ஞாயித்துக்கிழமை நாங்க வந்து பாக்கறோம்" என்றார் நடராஜன். டாக்டரை விட்டுவிட்டு என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டுவிட்டார். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு என்ன பைத்தியமா?

ஞாயிறு ஒரு பள்ளிக்கூட வாத்தியாருடைய நாள். என் மூன்று புதன்களைக் கொடுத்து அவருடைய ஒரு ஞாயிற்றை வாங்கினேன். மாற்றினால் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். பெண் வீட்டார் முன்னால் எப்படி எழுதுவது? எழுதவில்லை. ஜெட்டிக் கொட்டகைச் சுவரில் ஏழு பேர் பெயரும் ஏழு கிழமையும் போட்ட பலகை ஒன்று இருந்தது. அதன்மேல் நகைக்கடைக் காலண்டரை மாட்டினேன். ரிஜிஸ்டரை அலமாரிக்குள் தள்ளினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு நடராஜனும் அவர் மனைவியும் கமலாவும் ஃபெர்ரியில் வந்து இறங்கினார்கள். கூடவே ஒரு பெரிய பூஜைத் தட்டு. தேங்காய், எலுமிச்சம்பழம், சூடம், மூன்று முழத்துக்கு மேல் நீளமான கதம்ப மாலை.

"பூஜை போட்டாச்சா மாப்ள?"

"இ... இன்னும் இல்லீங்க."

"அலாமாக்! பூஜை போடாத வண்டியிலயா எம்பொண்ண ஏத்தறது?"

படகின் மூக்கில் விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம். தேங்காயைப் படகின் மேலேயே உடைக்கக் கையை ஓங்கினார். நான் குறுக்கே விழுந்து ஜெட்டிக் கல்லைக் காட்டினேன். அடுத்து எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு படகை முன்னும் பின்னுமாக இரண்டு முறை பார்த்தார்.

"சக்கரம் இல்லியே மாப்ள. இத எங்க வைக்கறது?"

அவரே ஒரு முடிவுக்கு வந்தார். ஓட வைப்பது மோட்டார்தானே, மரியாதை அதற்குத்தான் என்று பழத்தை அதன் தலையில் வைத்து, மாலையை மோட்டாரின் கழுத்தில் போட்டார். மாலையின் நுனி தண்ணீரைத் தொட்டுக்கொண்டு தொங்கியது. படகுக்காரனாக இருந்திருந்தால் கழற்றியிருப்பேன். மாப்பிள்ளையாக இருந்ததால் "அழகா இருக்குங்க" என்றேன்.

என் அக்காவையும் சேர்த்து ஐந்து பேர் ஏறினோம். ஆறாவது இடத்தில் தட்டு உட்கார்ந்தது. கப்பித்தான் தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு அக்கரையில் இருக்கும் பிறை ஊர்ப் பக்கம் கையைக் காட்டி, அங்கே தெரியும் புகைக்குழாய்களைப் பற்றி எனக்குத் தெரியாததையெல்லாம் விளக்கினேன். கமலா ரசித்துக் கேட்டாள். சரியாகப் பத்து நிமிடம் நான் ராஜா.

பதினோராவது நிமிடம் மோட்டார் இருமியது. கர்ர் என்றது. நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால், மாலை முழுவதும் விசிறிக்குள் போய்ச் சுற்றி இறுகியிருந்தது. சாமந்திப் பூக்கள் மட்டும் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. படகு தன் இஷ்டத்துக்கு ஃபெர்ரி வரும் வழிக்குப் போனது. ஃபெர்ரியும் வந்தது. அது ஊதிய ஊதலில் கமலாவின் அம்மா தட்டைக் கட்டிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். என் அக்கா என்னைத் திட்டினாள். ஃபெர்ரியின் மேல்தட்டிலிருந்து பாகான் டாலாம்காரர் ஒருவர் கையை ஆட்டினார்.

"கிராணி ஐயா! எங்க போறீங்க?"

நடராஜன் பதிலுக்குக் கையை மட்டும் ஆட்டினார். அவருக்கும் தெரியாது.

ஃபெர்ரி வளைந்து போய்விட்டது. நான் துடுப்பைத் தேடினேன். அந்த நேரம் பார்த்து ஜெட்டிப் பக்கமிருந்து மோட்டார் வைத்த ஒரு சம்பான் படகு பாய்ந்து வந்தது. அதில் ஸ்பானரைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான் ஆ செங்.

"திருட்டுப் பயலே! நில்லுடா!" என்று கத்திக்கொண்டு வந்தவன் என்னைப் பார்த்ததும் ஸ்பானரை இறக்கினான். "டேய் சிவா! நீயாடா? ரிஜிஸ்டர்ல பேரே இல்ல, எவனோ போட்ட அடிச்சிட்டுப் போய்ட்டான்னு நெனச்சேன்லா! உன் நாளு புதன்கிழமைதானே? ஞாயித்துக்கிழமை எப்படிடா எடுத்த?"

அவன் தன் ஹொக்கியன் சீனத்தில் கத்தியிருக்கக் கூடாதா? தூய தமிழ். கணீரென்ற குரல்.

கமலாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"புதன்கிழமை மட்டுந்தானா?"

"ஆமா" என்றேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். டாக்டர் கமலாவின் கழுத்தில் தாலி கட்டும் காட்சி கண்முன் வந்தது.

ஆ செங் இதற்குள் மோட்டாரைப் பார்த்துவிட்டான். "ஐயோ! எந்த மடையன்டா மோட்டாருக்கு மாலை போட்டது?"

நடராஜன் முகம் வெளுத்தது. முப்பது வருடத்தில் அவரை யாரும் அந்த வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள்.

"நான்தான்" என்றேன். அன்றைக்கு அது எத்தனையாவது பொய் என்று எண்ணவில்லை.

சம்பானில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தான். கொட்டகைக்குப் போனதும் காலண்டரைப் பிடுங்கினான், ரிஜிஸ்டரை எடுத்து என் முன்னால் போட்டான். நான் பெயரையும் கிழமையையும் எழுதிவிட்டு, கோளாறு என்ற பத்தியில் 'விசிறி சிக்கியது' என்று எழுதினேன். காரணம் என்ற பத்தியில் 'என் கவனக்குறைவு' என்று தொடங்கினேன்.

"மிஸ்டர் சிவா" என்றார் நடராஜன். மாப்பிள்ளை போய் மிஸ்டர் ஆகிவிட்டேன். "பேனாவக் கொடுங்க. ரிஜிஸ்டர்ல பொய் எழுதக் கூடாது. நம்ம சர்வீஸ்ல அது கெடயாது."

நான் எழுதியதைக் கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் சுருக்கமாக ஒப்பமிட்டார். முத்து முத்தான கையெழுத்தில் 'பூமாலை. போட்டவர்: விருந்தாளி நடராஜன்' என்று எழுதினார். ஆ செங் தலையைச் சொறிந்துகொண்டு, "மன்னிச்சிக்குங்க ஐயா, தெரியாம மடையன்னுட்டேன்" என்றான். பிறகும் விடவில்லை. "உறவு என்னான்னு போடலியே. அந்தப் பத்தி காலியா இருக்கக் கூடாதுலா."

பேனா நின்றது. நடராஜன் என்னைப் பார்த்தார். சேறு படிந்த என் வெள்ளைக் கால்சட்டையைப் பார்த்தார். பிறகு கமலாவைப் பார்த்தார். அவள் மறுபடியும் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

குனிந்து ஒரே வார்த்தை எழுதினார். 'மாமனார்.'

அந்தக் கிராணி தன் வாழ்நாளில் ரிஜிஸ்டரில் எழுதிய ஒரே பொய் அதுதான் என்று நினைக்கிறேன். மூன்றே மாதத்தில் அதையும் உண்மையாக்கிவிட்டார்.

ஆனால் கமலா மட்டும் இன்னும் என்னை மன்னிக்கவில்லை. வீட்டில் நான் "என் காடி" (காரைத்தான் அப்படிச் சொல்வோம்), "என் நாற்காலி", "என் டிவி" என்று எதைச் சொன்னாலும் அடுப்படியிலிருந்து ஒரு குரல் வரும். இப்போது பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். போன மாதம் மகளைப் பெண் பார்க்க வந்த பையன் அமர்ந்ததும், "வெளிய நிக்கிறது என்னோட காடிதான் அங்கிள்" என்றான்.

நான் சும்மாதான் இருந்தேன். காப்பித் தட்டோடு வந்த என் மகள்தான் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"எந்தக் கிழமை?"