பூஜை போட்ட காரில் வெடித்த பலூன்

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்தில் சொந்தச் சம்பாத்தியத்தில் கார் வாங்கிய முதல் பெண் நான். வாங்கிய அன்றே அதைக் கொண்டுபோய்க் கரண்டுக் கம்பத்தில் முட்டிய முதல் பெண்ணும் நானேதான். முதலாவதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள ஆசை. (சந்து முழுக்கச் சாட்சி இருக்கும்போது எங்கே நிறுத்துவது?)

பீன்யாவில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். கணவர் குமாருக்கும் பீன்யாவில்தான் வேலை, லேத் ஆபரேட்டர். கிளட்ச் இல்லாத கார், உள்ளே ஏர்பேக் எல்லாம் உண்டு என்று, வண்டி வருவதற்கு முன்பே ஒரு வாரமாகச் சந்தில் எல்லோரிடமும் தனித்தனியாகப் பீற்றிக்கொண்டிருந்தேன்.

கோயில் வாசலில் பூஜை. அர்ச்சகர் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துத் தேங்காய் உடைத்தார். "சாமி காரியம் வசந்தி, செருப்பைக் கழட்டு" என்றார் குமாரின் அக்கா சரசா அண்ணி. கழற்றினேன். சிதறிய தேங்காய்த் தண்ணீரை மிதித்துக்கொண்டே காரைச் சுற்றி வந்து, அந்த ஈரக் காலோடு அப்படியே ஏறி உட்கார்ந்தேன். (துடைத்தால் புண்ணியம் போய்விடுமாம். இது என் சொந்தச் சரக்கு.) பக்கத்து சீட்டில் குமார், மடியில் குங்குமத் தட்டு. பெல்ட் போட்டுக்கொண்டோம், போடாவிட்டால் கார் கத்துகிறது.

"நிதானமா பழத்து மேல ஏத்தி நிறுத்துங்கம்மா" என்றார் அர்ச்சகர்.

ஏற்றினேன். பழம் நசுங்கியது. எங்கள் மகள் உட்பட எல்லோரும் கைதட்டினார்கள். ராணி மாதிரி ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு பிரேக்கை மிதித்தேன். ஈரக் கால் வழுக்கி ஆக்சிலேட்டரில் போய் உட்கார்ந்தது. பயத்தில் அதையே இன்னும் பலமாக மிதித்தேன். கார் நேராகக் கம்பத்துக்குப் போய்விட்டது.

டமார்! எங்கும் வெள்ளைப் பலூன், புகை, பட்டாசு வாசனை. முன்கை இரண்டும் எரிந்தன, கட்டைவிரல் பிசகியிருந்தது. திரும்பினால், குமார் முகம் முழுக்கச் சிவப்பு.

"ஐயோ, என் வீட்டுக்காரரக் கொன்னுட்டேனே!"

"கத்தாதடி, குங்குமம்" என்றார் குமார். "ஆனா வலது கண்ணு திறக்க முடியல. எரியுது."

லேத்தில் மயிரிழை பார்த்து வேலை செய்கிறவர். அந்தக் கண் போனால் அவர் தொழிலே போயிற்று.

"கண்ணுல தாய்ப்பால் விட்டா சரியாப் பூடும். யாரு வீட்ல கைக்கொழந்த இருக்குது?" என்று கேட்டார் சரசா அண்ணி. உடனே ஆளுக்கொரு வீட்டுக்கு ஓடினார்கள். குமார் கண்ணைக் கசக்கக் கையைக் கொண்டுபோனார். கறை எடுக்கிற கெமிக்கல் கண்ணில் பட்டால் முதலில் தண்ணீர், மற்றதெல்லாம் அப்புறம் என்று கம்பெனியில் என் லைனில் தைக்கிறவர்களுக்கு ஓயாமல் பாடம் எடுக்கிறவள் நான்.

"கசக்காதீங்க! யாரும் கிட்ட வரக் கூடாது! வண்டி கழுவ வெச்ச அந்தத் தண்ணி கேனை எடுங்க!"

நூறு மெஷின் சத்தத்தை அடக்குகிற குரல் அது. அண்ணியே ஓரமாக நின்றுவிட்டார். குமாரைச் சாய்த்து, இமையை நான் பிரித்துப் பிடிக்க, அர்ச்சகர் ஊற்றினார். அபிஷேகம் செய்து பழகிய கை, ஒரே சீராக விழுந்தது. கேன் காலியாகும்வரை நான் விடவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு சின்னக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றி, காரம் இருக்கிறதா என்று அதன் நிறம் பார்த்தார். சலைன் விட்டு மறுபடியும் கழுவினார். மஞ்சள் மருந்து விட்டு, நீல வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார். எனக்குச் சாமி பெயர்கூட மறந்துவிட்டது.

"காடி ஓட்ஸித்து யாரு?" வண்டி ஓட்டியது யார் என்று கன்னடத்தில் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

குமார் ஒற்றைக் கண்ணோடு நெஞ்சை நிமிர்த்தினார். "நன் ஹெண்டத்தி சார்." என் பெண்டாட்டிதான் என்கிறார்! "அவளே வாங்கின வண்டி" என்றும் கன்னடத்தில் சேர்த்துக்கொண்டார், யாரும் கேட்காமலே.

"கண்ணிகெ நீரு ஹாக்ஸித்து யாரு?" கண்ணில் தண்ணீர் ஊற்ற வைத்தது யார்?

"அதூ நன் ஹெண்டத்தியே சார்."

டாக்டர் சிரித்துவிட்டார். ஏர்பேக் பவுடர் கண்ணைப் பொசுக்கக்கூடியது, உடனே கழுவியதால்தான் கருவிழியில் வெறும் கீறலோடு போயிற்று என்றார். சொட்டு மருந்து கொடுத்தார். என் கைக் காயத்துக்குக் களிம்பும், விரலுக்கு ஒரு கட்டும் கிடைத்தன. அன்று அந்த ஆஸ்பத்திரியில் என்னைவிடப் பெருமையாக உட்கார்ந்திருந்த நோயாளி யாரும் இல்லை. அடுத்த முறை போனபோது குமார் இடது கண்ணை மூடிக்கொண்டு, போர்டின் கடைசி வரியைக் கடகடவென்று படித்தார். நான் அங்கேயே அழுதேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் சாம்பார் தீய்ந்தாலும் சரி, பாயசம் அமைந்தாலும் சரி, "யாரு பண்ணது?" என்று கேட்டால் குமாரும் மகளும் சரசா அண்ணியும் ஒரே குரலில், "நன் ஹெண்டத்தி சார்!" என்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள், நான் இந்த வீட்டில் யாருக்கெல்லாம் பெண்டாட்டி என்று புரியாமல் முழிப்பார்கள்.