மேப்பில் இல்லாத வீடு

மேப்காரர் என்றொரு ரகம் நம் நடுவே நடமாடுகிறது. நடமாடுகிறது என்று மரியாதைக்குச் சொல்வதுதான். உண்மையில் அது உட்கார்ந்தே இருக்கும். போக வேண்டிய இடத்தைத் தாளில் ஏற்றிவிட்டால் போதும், போய்வந்த திருப்தி அதற்கு வந்துவிடும். கலப்படமில்லாத மேப்காரரைப் பார்க்க ஆசையா? அப்படியென்றால், மரம் வெட்டி, மண் தோண்டி, வீடு கட்டி, இருட்டினால் வருகிற பேய் பிசாசுகளிடம் தப்பிப் பிழைக்கிற அந்தக் கட்டை கட்டையான கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் கொஞ்சம் எட்டிப் பாருங்கள்.

நம்மவர் வெளியுலகில் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். அடுத்தவர் ஓட்ட, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கிற தனி பிரேக்கை மிதித்தே தலை நரைத்தவர். அவரை இந்த விளையாட்டுக்குள் இழுத்துவிட்டவள் மகள். வேலை கிடைத்து வேறு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். போன் செய்தால் சாப்பிட்டாயா, கதவைப் பூட்டினாயா என்று கேட்டுவிட்டு அப்பா போனை அம்மா கையில் கொடுத்துவிடுவார் என்பது அவளுக்குத் தெரியாதா? அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஆளுக்கொரு திரை, மூன்று பேருக்கும் ஒரே உலகம். சாயங்காலமானால் அதற்குள் போய் மூவரும் ஒன்றாக இருக்கலாம். அவள் கேட்டது அவ்வளவுதான்.

முதல் நாள் மரம் வெட்டச் சொன்னாள். "அது இருக்கட்டும், மொதல்ல நாம எங்க இருக்கோம்?" என்றார் அவர். பிடித்தது சனியன்.

இந்த விளையாட்டில் மேப் கடையில் கிடைக்காது. தண்ணீர் ஓரத்துக் கரும்பை வெட்டிக் காகிதமாக்கி, இரும்பை உருக்கித் திசைகாட்டி செய்து, அதை நடுவில் வைத்துச் சுற்றிலும் காகிதத்தை அடுக்கினால் ஒரு வெற்று மேப் வரும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால், நடக்கிற இடமெல்லாம் அதில் தானாகப் பதியும். இரும்பு தோண்டப் போனது அவர் மனைவி. தோண்டும்போது பள்ளத்தில் விழுந்து செத்ததும் அந்த அம்மாள்தான். பயப்படாதீர்கள், இதில் செத்தவர்கள் உடனே கட்டிலில் எழுந்துகொள்ளலாம். கையிலிருந்த சாமான்தான் போகும். மேப்பைப் பார்த்து நடந்திருக்கலாமே என்று நம்மவர் ஆறுதல் சொன்னார். மேப்பே நான் தோண்டப்போன இரும்பில்தானே ஆகவேண்டும் என்று அந்த அம்மாள் கேட்டாள். ஆனால் மேப் தயாரானதும் நம்மவர் முதல் காரியமாக அந்த இடத்தில் பலகை நட்டு, 'கவனக்குறைவுப் பள்ளம்' என்று எழுதி வைத்தார்.

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியுமா? ஒரு மேப் போதாது என்று பக்கத்துக்கு ஒன்று, அதற்குப் பக்கத்துக்கு ஒன்று என்று நடந்து நடந்து நிரப்பி, அவற்றை மாட்டுவதற்கென்றே தனி அறை கட்டி, அந்த அறைக்குக் கதவு வைத்து, கதவுக்கு வெளியே 'தட்டிவிட்டு வரவும்' என்று எழுதி, சுவர் முழுக்க ஆறும் மலையும் காடுமாகச் சட்டம் போட்டு மாட்டி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. ஆடு மேய்க்கக் கூப்பிட்டால் "மேப்ப ஒரு தடவ சரிபாத்துட்டு வரேன்." மீன் பிடிக்கக் கூப்பிட்டாலும் அதேதான்.

மகள் ஊருக்குப் போனாள். சொன்னபடியே சாயங்காலங்களில் வந்தாள். ஒருநாள் ஹெட்போனில் அவள் குரல் துள்ளியது.

"அப்பா, ஆத்துக்கு அந்தப் பக்கம் வீடு கட்டியிருக்கேன். வந்து பாருங்க."

நம்மவர் சுவரைப் பார்த்தார். "அங்க வெறும் புல்லுதானேம்மா இருக்கு."

"நான் வீட்டு வாசல்லதான்ப்பா நிக்கிறேன்."

"மேப்ல இல்லையேம்மா."

விஷயம் இதுதான். அந்தப் பக்கம் அவர் நடந்து முடித்த பிறகு அவள் கட்டிய வீடு அது. இந்த மேப் அன்றைக்குக் கண்டதைத்தான் வைத்திருக்கும். மறுபடி ஒருவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கே போனால்தான் புதிதாக வந்ததைக் காட்டும். மகளுக்கு இது தெரியும். சொல்ல வந்தாள். சொல்ல விட்டால்தானே? சூரியன் எந்தப் பக்கம் எழும்புகிறது, அதற்கு முதுகைக் காட்டி நின்றால் வலது கை எந்தப் பக்கம் என்று, லைசென்ஸுக்கு வந்த ஆளை நடத்துவது மாதிரி ஒரு வகுப்பே எடுத்துவிட்டார். கடைசியில் அவள் "சரிப்பா" என்றாள். பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று இவருக்குப் பரம சந்தோஷம். அவள் அன்றைக்குக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அழுதாள் என்பது மேப்பில் எங்கே தெரியப்போகிறது?

பிறகு மகளின் சத்தம் குறைந்தது. இவர் வந்தால் வேலை இருக்கிறது என்பாள். வேலைக்குப் போன பெண்ணுக்கு வேலை இருக்காதா என்று இவரும் விட்டுவிட்டார். ஆனால் அடுத்த அறையிலிருந்து மட்டும் மனைவியின் சிரிப்பு தினமும் கேட்டது. ஒருநாள் எழுந்துபோய், அப்படி எங்கேதான் இருக்கிறாய் என்று கேட்டார்.

"பொண்ணு வீட்ல."

"எந்தப் பக்கம்?"

"யாருக்குத் தெரியும்? வழி தப்பி வந்தேன், வீடு இருந்துச்சு. உங்களுக்குன்னு தனியா ஒரு ரூம் வெச்சிருக்கா, போய்ப் பாருங்க."

அவர் விடுவிடுவென்று தன் திரைக்குத் திரும்பினார். வெட்கம்தான், வேறென்ன? சுவரிலிருந்து மேப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஆற்றைத் தாண்டி ஓட்டமும் நடையுமாகப் போனார். வாசலில் மகள் நின்றிருந்தாள். அப்பா வருகிறார் என்று அம்மா சொல்லிவிட்டாள் போலிருக்கிறது.

"வந்துட்டீங்களாப்பா? உள்ள வாங்க."

நம்மவர் குனிந்து மேப்பைப் பார்த்தார். புல்வெளியின் நடுவே, பழுப்பு நிறத்தில், சின்னதாக ஒரு கூரை முளைத்திருந்தது. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

"வந்துடுச்சும்மா! உன் வீடு மேப்ல வந்துடுச்சு. இரு, இத மாட்டிட்டு வந்துடறேன்."

திரும்பி ஓடினார். மகள் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவோடு பேசப் போனாள்.

அட, சிரிக்கிறீர்களே? உங்கள் தம்பி புது வீடு கட்டியபோது வாசலிலேயே நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்த வீட்டைப் படமெடுத்துச் சொந்தபந்தத்துக்கெல்லாம் அனுப்பிவிட்டு, இன்னொரு நாள் சாவகாசமாக வருகிறேன் என்று கிளம்பினீர்களே, அந்த இன்னொரு நாள் வந்ததா? சரி, அது போகட்டும். இதைப் படித்ததும் 'இது அச்சு அசல் அவரேதான்' என்று யாருக்கோ அனுப்ப உங்கள் கை துறுதுறுக்கிறது இல்லையா? அனுப்புவதற்கு முன்னால் போனை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அவர் உங்களுக்கு இதை நேற்றே அனுப்பிவிட்டார்.