உப்பளத்தில் செத்த யானைத் தாத்தா

நான் முட்டாள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் அது எனக்கு இன்னும் அவமானம். லீவு லெட்டரைத் தாண்டி ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதத் தெரியாதவன், கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்தேன். (கணக்கு வராது, அறிவியல் வராது, இங்கிலீஷ் படித்தால் ஊரில் மதிப்பாவது வரும் என்று ஒரு நினைப்பு.) தமிழ்த் தாளைத் தவிர மற்றதெல்லாம் அரியர்.

இது கோவில்பட்டியில் என் கல்லூரிக்குத் தெரியும். புதூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குத் தெரியாது. முக்கியமாக என் தாய்மாமனுக்குத் தெரியாது. தன் மகள் செண்பகத்தை எனக்குக் கொடுப்பதா, பசுவந்தனையில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவருக்குக் கொடுப்பதா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. பசுவந்தனைக்காரருக்குக் கடை இருந்தது. எனக்கு இங்கிலீஷ் இருந்தது, அதாவது ஊர் நம்பிக்கொண்டிருந்தது.

அந்த வருடம் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு மாமாதான் தலைமை. சாயங்காலப் பூசை முடிந்ததும் திரை கட்டிச் சாமி படம் போடுவது வழக்கம். சி.டி. வாங்கிவரும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். கோவில்பட்டி வாடகைக் கடையில் சூலத்தோடு அம்மன் இருந்த அட்டையைப் பார்த்தேன், கன்னத்தில் போட்டுக்கொண்டேன், சட்டைக்குள் செருகிக்கொண்டு பஸ் ஏறினேன். அட்டைக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கும் அறிவு, நான் படித்த பாடத்திட்டத்தில் இல்லை.

பொழுது சாய்ந்தது. ஊரே சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தது. படக்காரர் மெஷினைப் போட்டார். அம்மன் வரவில்லை. வெள்ளை வெளேரென்ற பூமியில், உடம்பெல்லாம் சடைமுடியோடு யானைக் குடும்பம் ஒன்று நடந்து வந்தது. கார்ட்டூன். அதுவும் இங்கிலீஷில் பேசிக்கொண்டே வந்தது.

படக்காரர், கொடுத்ததைத்தான் போட்டேன் என்று கையை விரித்துவிட்டார். கடைசி பஸ்ஸும் போய்விட்டது. மாமா எழுந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"நம்ம பயலுக்குத் தெரியாத இங்கிலீஷா. அந்த மைக்கைக் குடுங்கப்பா. ஏலே, என்ன பேசுதாவன்னு எடுத்துச் சொல்லு."

பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் செண்பகம். என் கையில் மைக். என் மண்டையில் ஒன்றுமில்லை.

தோல் உடுத்திய ஆட்கள் இரண்டு பேர் குகையிலிருந்து எட்டிப் பார்த்ததை வைத்து, இது ஆதி காலத்துக் கதை என்று ஆரம்பித்தேன். யானைக்கு ஏன் முடி என்றார்கள். அந்தக் காலத்தில் எல்லா யானைக்கும் முடி உண்டு, வெயிலில் உதிர்ந்துவிட்டது என்றேன். வருசத்துக்கு எத்தனை தடவை முடி கத்தரிப்பார்கள் என்று ஒருவர் கேட்டார். (ஆடு மேய்க்கிற ஊர். கேட்கத்தான் செய்வார்கள்.) தரையெல்லாம் வெள்ளையாய்க் கிடக்கிறதே, அது என்ன என்றார்கள். பனிமலையை நானும் பார்த்ததில்லை, அவர்களும் பார்த்ததில்லை. கூசாமல் உப்பளம் என்றேன். வேம்பார் பக்கம் போய்வந்தவர்கள் தலையாட்டினார்கள். குட்டி யானை சறுக்கி விழுந்தபோதுதான், உப்பு எப்படி வழுக்கும் என்று சந்தேகம் வந்தது. அது மேல்நாட்டு உப்பு என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு இங்கிலீஷே தேவைப்படவில்லை. புல் இல்லை, தண்ணீர் இல்லை, குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். கோடையில் ஆட்டைப் பத்திக்கொண்டு ஊர் ஊராய்க் கிடை போடப் போகிறவர்களுக்கு இதை யார் விளக்க வேண்டும்? யானைகளை எங்கள் பக்கத்து நாகலாபுரம் வழியாகவே நடத்திக்கொண்டு போனேன். கூட்டம் 'ம்' கொட்டிக்கொண்டே வந்தது. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. எனக்குத் தைரியம் வந்தால் எப்போதும் ஆபத்து.

கிழட்டுக் கொம்பன் யானை, பள்ளத்தில் விழப்போன பேரனைத் தும்பிக்கையால் இழுத்துப் போட்டுவிட்டுச் சாய்ந்தது. கண்ணை மூடியது. சோகமாக வயலின் வாசித்தார்கள். மற்ற யானைகள் தலையைத் தொங்கப்போட்டன. ஒரு யானை ஏதோ சொன்னது. அதைக் காதில் வாங்கவே இல்லை நான்.

"பேரனைக் கரையேத்திட்டு, எங்கய்யா போயிட்டாவளே" என்று மைக்கில் உடைந்தேன்.

பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். இரண்டு பேர் ஒப்பாரியே எடுத்துவிட்டார்கள். மாமா துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். செண்பகம் கண்ணைத் துடைத்ததைப் பார்த்து, பேசாமல் இன்னும் ஒரு யானையைக் கொன்றால் என்ன என்றுகூட எனக்குத் தோன்றியது.

கொஞ்ச நேரம் கழித்து, கிழட்டு யானை சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்து நடந்து வந்தது.

கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "ஏலே, செத்தவரு வாராரு."

மாமா துண்டை எடுத்தார். மெதுவாக என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் பசுவந்தனை ஜவுளிக்கடை சீரியல் லைட்டோடு ஜொலித்தது. மைக் இன்னும் என் வாயருகில்தான் இருந்தது. அந்த வாயிலிருந்துதான் அடுத்த வார்த்தை வந்தது.

"செத்தது நெசந்தான். இப்ப வாரது அய்யா இல்ல, சாமி. குலத்தைக் காக்க இறங்கி வாராவ."

எங்கள் பக்கம் இதற்குமேல் விளக்கம் கேட்க மாட்டார்கள். அடுத்தவரைக் காப்பாற்றப் போய்ச் செத்தவர்தான் அங்கே பாதிக் கோவில்களில் சாமி. ஒரு பெண் குலவை போட்டாள். ஊரே சேர்ந்துகொண்டது. உறுமி முழங்கியது. பூசாரிக்கு அருள் வந்து, கற்பூரத் தட்டோடு திரைக்கு முன்னால் போய் நின்றார். அந்த நேரம் பார்த்து யானை தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறியது பாருங்கள், எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. மாமா வந்து, அழுத ஈரம் காயாத தன் துண்டை என் தலையில் பரிவட்டமாகக் கட்டினார். தை மாதம் செண்பகம் என் மனைவி.

இன்றும் டி.வி.யில் பனிமலையைக் காட்டினால், "வாங்க, உங்க உப்பளம் வந்திருக்கு" என்று அடுப்படியிலிருந்து கூப்பிடுகிறாள். பிள்ளைகளுக்கும் அது உப்பளம்தான்.

சில வருடம் கழித்து அதே படம் தமிழில் வந்தது. மாமாவும் நானும் சேர்ந்து பார்த்தோம். கிழட்டு யானை எழுந்து, "நல்லா அசந்துட்டேன்டா" என்றது. இனிமேல் என்ன பயம், பெண்ணைத்தான் கொடுத்தாயிற்றே என்று, "பாத்தீங்களா மாமா, அவரு சாகவே இல்ல, தூங்கத்தான் செஞ்சிருக்காரு" என்றேன்.

மாமா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"செத்தாருலே, நான் பாத்தேன்."